20 சீட் இருக்கு, ஆள் எங்கே? 375 டாலர் வால்கிரி கப்பலை வாங்கலாமா?

இன்னைக்கு மியூச்சுவல் ஃபண்டும் இல்லை, டேர்ம் இன்சூரன்ஸும் இல்லை. ஒரு விண்வெளிக் கப்பல். அதுவும் நிஜத்துல இல்லாத கப்பல். ஆனா அதுக்குப் போற பணம் உங்க சம்பள அக்கவுண்ட்ல இருந்துதான் போகுது. அதனால நம்ம பக்கத்துல இதைப் பேசறதுக்கு முழு உரிமை இருக்கு.

ஸ்டார் சிட்டிசன் விளையாடறவங்களுக்கு ஆன்வில் வால்கிரி பத்தி அறிமுகம் தேவையில்லை. மத்தவங்களுக்காகச் சுருக்கமா சொல்லிடறேன். 2012ல் கிறிஸ் ராபர்ட்ஸ் கிக்ஸ்டார்ட்டர்ல மக்கள்கிட்ட பணம் திரட்டி ஆரம்பிச்ச விண்வெளி கேம் இது. முதல்ல கேட்டது 5 லட்சம் டாலர். வந்தது 20 லட்சத்துக்கும் மேல. 2014ல் ரெடி ஆகும்னு சொன்னாங்க. இன்னும் ஆல்பாலதான் ஓடுது. இதுக்கு நடுவுல 2024க்குள்ள மக்கள் கொடுத்த மொத்தத் தொகை 70 கோடி டாலரைத் தாண்டிடுச்சு. இந்தப் பணத்துல பெரும்பகுதி எப்படி வருதுன்னா, கப்பல் விற்று. கேம்ல ஓட்டற கப்பல்களை நிஜ டாலருக்கு வாங்கலாம்.

அந்தக் கடையில இருக்கற படை இறக்கும் கப்பல்தான் வால்கிரி. 2018 அக்டோபர்ல ஆஸ்டின்ல நடந்த சிட்டிசன்கான் நிகழ்ச்சியில காட்டினாங்க. விலை 375 டாலர். 20 வீரர்கள் உட்கார சீட், பின்னாடி சாய்வுக் கதவு, பக்கவாட்டுல திறக்கற கதவுகள், அங்க ஆள் நின்னு சுடற துப்பாக்கி, உள்ள ஒரு சின்ன வண்டியை ஏத்திக்க இடம். பழைய வியட்நாம் போர்ப் படத்துல ஹெலிகாப்டர் கதவோரம் ஒருத்தர் துப்பாக்கியோட உட்கார்ந்திருப்பாரே, அந்த உணர்வை அப்படியே விண்வெளிக்குக் கொண்டு போயிருக்காங்க. முதல் தடவை பார்க்கறப்போ வாங்கணும்னு தோணலைன்னாதான் ஆச்சரியம்.

சரி, வாங்கலாமா?

முதல்ல ரூபாயில பேசுவோம்

டாலர்ல பார்த்தா 375ங்கறது மூணு இலக்கம். மனசு அதைச் சின்னதாத்தான் எடுத்துக்கும். கணக்குக்கு ஒரு டாலர் 85 ரூபாய்னு வச்சுக்குவோம் (நீங்க படிக்கற அன்னைக்கு ரேட் வேற இருக்கும், போட்டுப் பாருங்க). 31,875 ரூபாய். இதோட முடியலை. நிறைய கிரெடிட் கார்டுல வெளிநாட்டுச் செலவுக்கு 3.5 சதவீதம் மார்க்கப் உண்டு. அது 1,116 ரூபாய். அந்த மார்க்கப் மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி, இன்னொரு 201. ஆக ஸ்டேட்மென்ட்ல வரப்போறது கிட்டத்தட்ட 33,190 ரூபாய். கடை தன் பக்கம் வரி ஏதாவது சேர்த்தா அது தனி. பணம் கட்டற கடைசி ஸ்கிரீன்ல காட்டற தொகையைத்தான் நம்பணும், முதல் பக்கத்துல போட்ட விலையை இல்லை.

இன்னொன்னு. கப்பலை மட்டும் வாங்கினா கேம் ஓடாது. கேம் பேக்கேஜ்னு ஒண்ணு தனியா வேணும். அது ஒரு சின்னக் கப்பலோட சேர்த்து 45 டாலர் அளவுல ஆரம்பிக்கும். 16 ஜிபி ரேம், எஸ்எஸ்டி, 100 ஜிபிக்கு மேல இடம், கொஞ்சம் நல்ல கிராஃபிக்ஸ் கார்டு. ஆபீஸ் லேப்டாப்ல இது ஓடும்னு கனவு காணாதீங்க. பிசி ஏற்கெனவே இருந்தா சந்தோஷம். இல்லைன்னா கப்பல் பேச்சையே இப்போதைக்கு நிறுத்திட்டு வேற பதிவுக்குப் போயிடலாம். துறைமுகமே கட்டாம கப்பல் வாங்கற கதைதான்.

இப்போ இந்த 33,190ஐ உங்க வேலை நேரத்துல மாத்துங்க. கைக்கு வர்ற சம்பளம் 35,000, மாசம் 22 நாள், நாளுக்கு 9 மணி நேரம். ஒரு மணி நேரத்துக்கு 177 ரூபாய் சொச்சம். அப்போ இந்தக் கப்பல் 187 மணி நேர வேலை. ஏறக்குறைய ஒரு மாசம் முழுசா. ஸ்டாண்டப் மீட்டிங், மேனேஜரோட 'ஒரு நிமிஷம் வாங்க', கிளையண்ட் கால் எல்லாம் சேர்த்து ஒரு மாசம்.

ஆனா இந்தக் கணக்கும் முழு உண்மையைச் சொல்லாது. ஏன்னா வாடகை, ஊருக்கு அனுப்பற பணம், பெட்ரோல், மெஸ் எல்லாம் போக உங்க கையில மிஞ்சறது 35,000 இல்லையே. மாசம் 5,000 மிஞ்சுதுன்னா, இது ஆறரை மாச மிச்சம். எனக்கு இந்த எண்தான் முக்கியமா படுது.

இது என்ன வகைக் கப்பல்னு புரிஞ்சுக்கணும்

இந்த கேம்ல சரக்குக் கப்பல் இருக்கு, சுரங்கம் தோண்டற கப்பல் இருக்கு, தனியா சண்டை போடற சின்னக் கப்பல் இருக்கு. இதுங்க எல்லாம் ஓனர் ஒருத்தர் இருந்தாலே வேலை செய்யும். சரக்குக் கப்பல் வச்சிருக்கறவர் ராத்திரி 11 மணிக்குத் தனியா உட்கார்ந்து நாலு நடை அடிச்சுட்டுத் தூங்கப் போகலாம். வால்கிரி அப்படி இல்லை. இதோட வேலையே மனுஷங்களைக் கொண்டுபோய் இறக்கறது. மனுஷங்க இல்லைன்னா வேலையே இல்லை.

ஓட்ட ஒருத்தர் போதும்தான். ஆனா துணை விமானி, டரெட்ல ஒருத்தர், கதவுத் துப்பாக்கிக்கு ஆள்னு மொத்தம் அஞ்சு பேர் குழு இருந்தாதான் அதுல இருக்கற ஆயுதங்கள் எல்லாம் உயிரோட இருக்கும். தனியா போனா நீங்க ஒரு பெரிய, மெதுவா திரும்பற, சுடறதுக்கு வசதியான இலக்கு. அவ்வளவுதான். அஞ்சு பேர் குழு போக, இறங்கறதுக்கு ஆள் வேணும். 20 சீட்டும் நிறையணும்னா மொத்தம் 25 பேர், ஒரே நேரத்துல, ஒரே சர்வர்ல, ஒரே இடத்துல, கிராஷ் ஆகாம.

கல்யாணத்துக்கு 25 பேரை ஒரே வேன்ல ஏத்தி, சொன்ன நேரத்துக்குக் கிளப்பின அனுபவம் உங்க வீட்டுல யாருக்காவது இருந்தா கேட்டுப் பாருங்க. அது நிஜ வேன், நிஜ சொந்தக்காரங்க. அப்பவே ஒருத்தர் பாத்ரூம்ல இருப்பார், ஒருத்தர் பூ வாங்கப் போயிருப்பார். இங்க எல்லாரும் ஹெட்செட்டுக்குப் பின்னாடி. ஒருத்தருக்கு கேம் கிராஷ், ஒருத்தர் வேற நிலாவுல எழுந்திருப்பார், ஒருத்தருக்கு சாப்பாடு ரெடின்னு அம்மா கூப்பிட்டிருப்பாங்க.

நம்ம ஊர் நேரத்தையும் பாருங்க. பெரிய குழுக்கள், அதாவது ஆர்க்னு சொல்றாங்களே, நிறைய அமெரிக்க நேரத்துல இயங்குது. அங்க கிழக்குக் கரையில ராத்திரி 9 மணிக்கு ஆபரேஷன்னா, நமக்குக் காலையில ஆறரை, குளிர்காலம்னா ஏழரை. வார நாள்ல நீங்க குளிச்சு, டிபன் சாப்பிட்டு, ஆபீஸ் பஸ் பிடிக்கற நேரம். ஐரோப்பிய குழுன்னா நள்ளிரவு தாண்டும். சேரறதுக்கு முன்னாடி அவங்க எந்த நேரத்துல விளையாடறாங்கன்னு கேட்டுடுங்க. கப்பலோட விலையை விட இந்தக் கேள்வி முக்கியம்னே சொல்வேன்.

சீட்டுக்கு எவ்வளவு?

வாங்கணும்னு ஆசைப்படறவங்க வழக்கமா போடற கணக்கு இது. வால்கிரி 375 டாலர், 20 சீட். சீட்டுக்கு 18.75 டாலர். வேன்கார்ட் ஹாப்லைட் 240 டாலர் வாக்குல, வெறும் 8 பேர். சீட்டுக்கு 30. 'பாத்தீங்களா, வால்கிரிதான் லாபம்!' கட்லஸ் ஸ்டீல்னு ஒண்ணு இருக்கு, 2021ல் வந்தது. 235 டாலர் வாக்குல, 18 சீட். சீட்டுக்கு 13 டாலர்தான். அதைச் சொன்னா 'ஆனா வால்கிரி கெட்டியானது, வண்டி ஏத்தலாம்'னு பேச்சு மாறிடும்.

கெட்டிங்கறது நிஜம்தான், அதை மறுக்கலை. கட்லஸ் ஸ்டீல் ஒல்லி உடம்பு. மேல நிறைய துப்பாக்கி ஒட்டவச்ச மினி பஸ் மாதிரி. அடி விழுந்தா தாங்கற அளவு குறைவு. ஹாப்லைட் நேர் எதிர். சண்டைக் கப்பலோட உடம்பு, ஆனா எட்டே பேர். படை இறக்கும் கப்பல்ல முக்கியமான கணம், தரையைத் தொடறதுக்கு முன்னாடி இருக்கற அந்த அரை நிமிஷம்தான். வேகம் குறைஞ்சு, நேரா கீழ இறங்கிட்டு இருக்கும்போது எல்லாரும் சுடுவாங்க. அந்த அரை நிமிஷத்தைத் தாங்கறதுல வால்கிரி நல்லாவே தேறும். பின்பக்கமும் பக்கவாட்டும் கதவு இருக்கறதால ஆட்கள் ஒரே வாசல்ல முட்டிக்காம இறங்கலாம். இதெல்லாம் யோசிச்சு செஞ்ச விஷயம். கப்பலா பார்த்தா வால்கிரி நல்ல கப்பல். என் பிரச்னை கப்பலோட இல்லை.

பிரச்னை அந்த வகுத்தல்ல இருக்கு. 20ஆல வகுக்கறீங்க. ஆனா எத்தனை சீட்ல ஆள் உட்காரும்? நீங்களும் ரெண்டு நண்பர்களும்னா 375ஐ மூணால வகுக்கணும். ஆளுக்கு 125 டாலர். அதே மூணு பேர் ஹாப்லைட்ல போனா ஆளுக்கு 80. மூணு பேரும் ஏற்கெனவே இருக்கற ஏதோ ஒரு சரக்குக் கப்பல்ல போனா பூஜ்யம்.

வருஷத்துக்கு ரெண்டு தடவை ஊருக்குப் போறதுக்காக ஏழு சீட் கார் வாங்கி, மீதி 360 நாளும் தனியா சிக்னல்ல நிக்கறவங்களை நமக்கெல்லாம் தெரியும். அவங்களும் வாங்கும்போது சீட்டுக்கு எவ்வளவுன்னுதான் கணக்கு போட்டாங்க.

இதுல இன்னொரு உள்விஷயம். இந்த கேம்ல படையைக் கொண்டு போகப் படை சீட் கட்டாயமே இல்லை. ஓடற கப்பலுக்குள்ள எழுந்து நடக்கலாம். சரக்கு வைக்கற தரையில பத்து பேர் நின்னுட்டு, ஒரு கிரகத்துல இருந்து இன்னொரு கிரகத்துக்குப் போயிடலாம். விமானி திடீர்னு வெட்டி ஓட்டினா விழுவீங்க, அடிபடலாம், அவ்வளவுதான். பெரும்பாலான குழுக்கள் தினசரி செய்யறது இதுதான். டவுன் பஸ்ல படியில தொங்கிட்டு போன நமக்கு இது புதுசா? கட்லஸ் பிளாக் மாதிரி, 46 எஸ்சியு சரக்கு ஏத்தற, 100 டாலர் சொச்சம் விலையுள்ள கப்பல் படையையும் இறக்கும். மறுநாள் சரக்கும் ஏத்தும்.

வால்கிரிலயும் 90 எஸ்சியு சரக்கு ஏத்தலாமேன்னு கேப்பீங்க. ஏத்தலாம். ஆனா சரக்குதான் உங்க தேவைன்னா, அதே பணத்துக்கு, ஏன் அதைவிடக் குறைந்த பணத்துக்கே, அதிகமா ஏத்தற கப்பல் அந்தக் கடையிலேயே இருக்கு. படைக் கப்பலை வாங்கிட்டு, அதைச் சரக்குக் கணக்குல நியாயப்படுத்தறது எனக்கு எண்டோமென்ட் பாலிசியை ஞாபகப்படுத்துது. ஆயுள் காப்பீடும் குறைச்சல், வருமானமும் குறைச்சல், ஆனா 'ரெண்டும் இருக்கு' சார்.

மருத்துவப் படுக்கையும் வால்கிரில இல்லை. 20 பேரை இறக்கின பிறகு, அதுல அஞ்சு பேர் அடிபட்டா அவங்களுக்கு அங்கேயே சிகிச்சை கொடுக்க, கட்லஸ் ரெட் மாதிரி வேற ஒரு கப்பல் வேணும். இல்லைன்னா அவங்க தொலைதூர ஆஸ்பத்திரியில கண் முழிச்சு, திரும்ப வர்றதுக்குள்ள சண்டையே முடிஞ்சிருக்கும். சின்னக் குழுவுக்கு எந்தக் கப்பல் அதிகம் உதவும்னு கேட்டா, 20 சீட்டை விட அந்தப் படுக்கைக்குத்தான் என் ஓட்டு.

20 பேர்ல ஒருத்தர்கிட்ட இருந்தா போதும்

போன நவம்பர் விற்பனை சமயத்துல ஒரு தம்பி எனக்கு வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். கோயம்புத்தூர், வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருஷம், தீபாவளி போனஸ் 40,000 வந்திருக்கு. 'அண்ணா, எங்க ஆர்க்ல எல்லாரும் வால்கிரி வச்சிருக்காங்க, நானும் எடுத்துடலாம்னு இருக்கேன், கார்டுல போட்டு இஎம்ஐ ஆக்கிடலாமா?'

நான் திருப்பிக் கேட்டது ஒரே கேள்விதான். எல்லார்கிட்டயும் இருக்குன்னா, நீங்க எதுக்கு வாங்கணும்?

இதை நிதானமா யோசிச்சுப் பாருங்க. மத்த கப்பலுக்கெல்லாம் 'என்கிட்ட இருந்தாதான் நான் ஓட்ட முடியும்'ங்கற நியாயம் கொஞ்சமாவது இருக்கு. படைக் கப்பலுக்கு அந்த நியாயமும் கிடையாது. அதோட முழு அர்த்தமே ஒருத்தர் வச்சிருந்தா 20 பேர் போகலாம்ங்கறதுதான். குழுவுல பத்து பேர் ஆளுக்கொரு வால்கிரி வாங்கினா 200 சீட் ஆச்சு. ஆளு பத்து பேர்தான். ஒரு தெருவுல எல்லா வீட்டுலயும் ஆம்னி பஸ் நிக்கற மாதிரி.

'அப்போ பங்கு போட்டு வாங்கலாமா அண்ணா'ன்னு அடுத்த கேள்வி வந்தது. 33,190ஐ 20 பேர் பிரிச்சா ஆளுக்கு 1,660 ரூபாய்தான், நல்லாத்தான் தெரியும். ஆனா கப்பல் ஒருத்தர் அக்கவுண்ட்ல இருக்கும். அவர் வேலை மாறி, கல்யாணம் ஆகி, கேமை விட்டுட்டுப் போனா கப்பலும் போச்சு. அக்கவுண்ட்டைப் பகிர்றது விதிக்கு விரோதம். தெரிஞ்சவங்ககிட்ட சீட்டுப் போடறதுலயாவது நேர்ல போய்க் கேட்க ஒரு வீடு இருக்கும்.

இஎம்ஐ கணக்கையும் அவருக்குப் போட்டுக் காட்டினேன். 33,190 ரூபாய், 12 மாசம், 15 சதவீத வட்டி. மாசம் 2,996. வட்டி மட்டும் 2,758, அதுக்கு ஜிஎஸ்டி 496. மொத்தம் 36,400 தாண்டும், பிராசஸிங் ஃபீஸ் இன்னும் சேர்க்கலை. அதை இஎம்ஐயாகவும் மாத்தாம, மினிமம் டியூ மட்டும் கட்டிட்டு இருந்தா மாசம் 3.5 சதவீதம் வாக்குல வட்டி ஏறும், வருஷத்துக்கு 42 வாக்குல. கேமுக்காக வட்டி கட்டறதுங்கறது எனக்கு எந்தக் கோணத்துலயும் ஒத்துக்க முடியாத விஷயம். கையில காசு இருந்தா வாங்குங்க, இல்லைன்னா காத்திருங்க. மொபைலுக்கும் இதேதான் சொல்வேன்னு உங்களுக்குத் தெரியும்.

கடை உங்ககிட்ட எப்படிப் பேசுதுன்னு கவனிங்க

முதல் விஷயம், இதை அவங்க 'வாங்கறது'ன்னே சொல்றதில்லை. பிளெட்ஜ்னு சொல்றாங்க. கேம் உருவாக நீங்க கொடுக்கற ஆதரவு, அதுக்கு நன்றியா ஒரு கப்பல். பேரு எதுவானாலும் விதிமுறைகளைப் படிச்சா விஷயம் தெளிவு. கப்பல் உங்க சொத்து இல்லை, பயன்படுத்தற அனுமதிதான். சர்வரை மூடினா அதுவும் இல்லை. அதனால இதை யாராவது 'இன்வெஸ்ட்மென்ட்'னு சொன்னா அங்கேயே பேச்சை நிறுத்திடுங்க. இது செலவு. நல்ல செலவா இருக்கலாம், கெட்ட செலவா இருக்கலாம், ஆனா செலவுதான்.

அடுத்தது எல்டிஐ. கப்பலுக்கு வாழ்நாள் இன்சூரன்ஸ். கேட்கவே எவ்வளவு சுகமா இருக்கு! இதுக்காகவே அவசரப்பட்டு முதல் நாளே வாங்கறவங்க இருக்காங்க. நிலவரம் என்னன்னா, கேம் இன்னும் ஆல்பால இருக்கறதால, மூணு மாச இன்சூரன்ஸ், ஆறு மாச இன்சூரன்ஸ்னு வாங்கினவங்களுக்குக் கூடக் காலக்கெடு ஓட ஆரம்பிக்கலை. இன்னைக்குக் கப்பல் வெடிச்சா எல்லாரும் ஒரே மாதிரி கிளைம் போட்டுக் காத்திருந்து வாங்கிக்கறாங்க. 'லைஃப்டைம் ஃப்ரீ' கிரெடிட் கார்டுங்கறதுக்காகத் தேவையில்லாத கார்டு எடுக்கற கதை.

வார்பாண்ட்னு ஒரு தள்ளுபடி. ஏற்கெனவே அங்க கிரெடிட்டா கிடக்கற பணத்துல வாங்கினா முழு விலை, புதுசா நிஜப் பணம் போட்டா கம்மி விலை. ஏன்னு யோசிங்க. உள்ள கிடக்கற கிரெடிட்டால அவங்களுக்குப் புது வருமானம் இல்லை. உங்க பேங்க்ல இருந்து புதுசா வரணும்.

அந்த கிரெடிட் எங்க இருந்து வருது? கப்பல் பிடிக்கலைன்னா 'மெல்ட்' பண்ணலாம். கொடுத்த விலை அப்படியே திரும்ப வரும். ஆனா உங்க பேங்க்குக்கு இல்லை, கடையோட கணக்குக்கு. நகைக்கடைச் சீட்டு மாதிரி. பணம் பத்திரமா இருக்கு, ஆனா அந்தக் கடையிலதான் செலவு பண்ணணும். 'எப்ப வேணா மெல்ட் பண்ணிக்கலாம், நஷ்டமே இல்லை'ன்னு சொல்றவங்க இந்த ஒரு வித்தியாசத்தைச் சொல்ல மாட்டாங்க.

2021ல் பிரிட்டன்ல விளம்பரத் தர நிர்ணய அமைப்பு ஒரு புகாரை எடுத்துப் பார்த்தது. கேம்ல இன்னும் வராத, கருத்து நிலையிலேயே இருக்கற கப்பல்களை விளம்பரம் பண்ணும்போது, அது இன்னும் இல்லைங்கறதைத் தெளிவா சொல்லணும்னு நிறுவனத்துக்கு அறிவுறுத்தினாங்க. அதுக்கப்புறம் மெயில்கள்ல அந்த அறிவிப்பு வருது. வால்கிரிக்கு இந்தப் பிரச்னை இல்லை, அது பறக்கற கப்பல். ஆனா பறக்கற கப்பலும் அப்படியே இருக்கும்னு உத்தரவாதம் கிடையாது. 2024ல் மாஸ்டர் மோட்ஸ்னு பறக்கற முறையையே மாத்தினாங்க. நேத்து வரைக்கும் பலமா இருந்த சில கப்பல்கள் மறுநாள் வேற மாதிரி ஆச்சு. நீங்க பணம் கொடுக்கறது இன்னைக்கு இருக்கற கப்பலுக்கு. கிடைக்கப்போறது நாளைக்கு அவங்க என்ன ஆக்கறாங்களோ அது.

எவ்வளவு தூரம் போகும்னு தெரிஞ்சுக்கணும்னா, 2018ல் எல்லாக் கப்பலும் சேர்ந்த ஒரு மூட்டையை 27,000 டாலருக்குப் போட்டாங்க. 85 ரூபாய்க் கணக்குல 22 லட்சத்து 95 ஆயிரம். அதோட பக்கத்தைப் பார்க்கணும்னாலே நீங்க ஏற்கெனவே 1,000 டாலர் செலவழிச்சிருக்கணும். பல ஊர்ல அது ஒரு வீட்டு மனை.

அப்போ வால்கிரியை ஓட்டவே கூடாதா?

யார் சொன்னா? ஓட்டுங்க. டாலர் கொடுக்காம ஓட்ட மூணு வழி இருக்கு.

வருஷா வருஷம் நவம்பர்ல கேம் உள்ளேயே ஒரு கண்காட்சி நடக்கும். ஒவ்வொரு கப்பல் நிறுவனத்துக்கும் ஒரு நாள் ஒதுக்கி, அந்த நிறுவனத்தோட கப்பல்களை இலவசமா எடுத்து ஓட்ட விடுவாங்க. ஆன்வில் நாள் வரும்போது வால்கிரியை எடுங்க. மே மாசம் ராணுவக் கப்பல்களுக்குன்னே ஒரு வாரம் நடக்கும். அந்தச் சமயங்கள்ல கேம் பேக்கேஜ் வாங்காதவங்களுக்கும் சில நாள் இலவசமா திறந்து விடறது வழக்கம். விற்பனைக்காகத்தான் பண்றாங்க, சந்தேகமே இல்லை. நாம சோதனைக்குப் பயன்படுத்திக்குவோம்.

ரெண்டாவது, கேம் காசுல வாங்கறது. உள்ள இருக்கற கடையிலேயே வால்கிரி கிடைக்கும். விலை அப்பப்ப மாறும், அதனால நான் எண் சொல்லலை. கடையில போட்டிருக்கற விலையை, நீங்க ஒரு மணி நேரத்துல சம்பாதிக்கற கேம் காசால வகுங்க. எத்தனை மணி நேரம்னு தெரியும். அந்த நேரம் உங்களுக்கு விளையாட்டா இருந்தா அது இலவசம். வேலையா தோணினா அதையும் செலவுலதான் சேர்க்கணும். இதுல ஒரு உண்மையான குறையும் உண்டு. கேம் காசுல வாங்கினது, மொத்தமா அழிச்சு ஆரம்பிக்கும்போது போயிடும். 2023 மார்ச்ல 3.18 வந்தப்போ அப்படித்தான் எல்லாரும் முதல்ல இருந்து தொடங்கினாங்க. டாலர் கொடுத்த கப்பல் மட்டும் அப்படியே இருந்தது. டாலர் கொடுக்கறதுல நிஜமான ஒரே நன்மை இதுதான்னு நான் நினைக்கறேன். அதுக்கு 33,190 ரூபாய் தகுமாங்கறதை நீங்கதான் சொல்லணும்.

மூணாவது வழியை மேலயே சொல்லிட்டேன். வச்சிருக்கறவரோட போங்க. 20 சீட் காலியா வச்சுக்கிட்டு ஆள் தேடற ஓனர்கள் எப்பவும் இருப்பாங்க. கதவுத் துப்பாக்கியில உட்காருங்க. அந்தக் கப்பலோட மொத்த சுகமும் அங்கதான் இருக்கு, விமானி சீட்ல இல்லை. விமானிக்குப் பார்க்கிங் டென்ஷன்தான்.

மணி நேரக் கணக்கையும் ஒரு தடவை பார்த்துடலாம். வாரம் ஆறு மணி நேரம் விளையாடறீங்க, வருஷத்துக்கு 300 மணி நேரம். ஆரம்பப் பேக்கேஜ் மார்க்கப் எல்லாம் சேர்த்து சுமார் 3,983 ரூபாய். முதல் வருஷத்துலயே மணிக்கு 13 ரூபாய்தான். பொழுதுபோக்குல இதைவிட மலிவா எது கிடைக்கும்? பாப்கார்ன் இல்லாம சினிமாவுக்குப் போனாலே மணிக்கு 80 ரூபாய் ஆகுது. ஆனா வால்கிரி? மாசத்துக்கு ஒரு ராத்திரி, மூணு மணி நேரம், ஆள் சேர்ந்து நிஜமா படை இறக்கினீங்கன்னு வச்சுக்குவோம். இதுவே தாராளமான கணக்கு. வருஷத்துக்கு 36 மணி நேரம். மணிக்கு 922 ரூபாய். ரெண்டு வருஷம் விடாம செஞ்சா 461.

யாருக்கு இது சரியா வரும்? குழு நடத்தறவர்; வாரம் ஒரு தடவையாவது எட்டு, பத்து பேரைச் சேர்க்கறவர்; மூணு மாசச் செலவுக்கு எமர்ஜென்சி ஃபண்ட் தனியா இருக்கறவர்; கார்டுல பாக்கி இல்லாதவர்; பொழுதுபோக்குக்குன்னு மாசாமாசம் தனியா எடுத்து வைக்கறவர். அந்தத் தனிப் பணம் மாசம் 2,000னா, வால்கிரிக்கு 17 மாசம். அந்த 17 மாசம் கழிச்சும் ஆசை இருந்தா, குழு கலையாம இருந்தா, வாங்கிட்டு நிம்மதியா ஓட்டுங்க. நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். கோயம்புத்தூர் தம்பி எமர்ஜென்சி ஃபண்ட் பத்திக் கேட்டதுக்கு 'அப்படின்னா என்னண்ணா'ன்னார். அவருக்கு வேற லிங்க் அனுப்பினேன்.

இதையெல்லாம் படிச்சுட்டும் இந்த நவம்பர்ல வாங்கத்தான் போறீங்கன்னா, இதையாவது செய்யுங்க. வெளி ஆட்கள்கிட்ட, 'கம்மி விலைக்குக் கப்பல்'னு விக்கற கிரே மார்க்கெட்ல வாங்காதீங்க. அங்க பணம் போனா நிறுவனம் பொறுப்பேற்காது. நேரா கடையில, டெபிட் இல்லாம மார்க்கப் குறைஞ்ச கிரெடிட் கார்டுல வாங்குங்க. வாங்கின 30 நாளுக்குள்ள கேட்டா பணம் திரும்பத் தர்றதுதான் அவங்க கொள்கை. அதுக்கு மேல போனா கஷ்டம். 2018ல் அமெரிக்காவுல ஒருத்தர் 4,500 டாலரைத் திரும்பக் கேட்டுச் சின்ன வழக்குகளுக்கான கோர்ட்டுக்கே போனார். விதிமுறையில மத்தியஸ்தம்னு போட்டிருக்குன்னு சொல்லி கைவிரிச்சுட்டாங்க. அதனால வாங்கின அன்னைக்கே மொபைல் காலண்டர்ல 25ஆவது நாளுக்கு ஒரு அலாரம் போடுங்க. நடுவுல அந்தக் கப்பலை வேற கப்பலுக்கு அப்கிரேட் பண்ணாதீங்க, யாருக்கும் கிஃப்ட் அனுப்பாதீங்க. ஒவ்வொரு தடவை பறந்ததும் எத்தனை பேர் ஏறினாங்கன்னு போன் நோட்ஸ்ல ஒரு எண் மட்டும் எழுதுங்க. 25ஆம் நாள் அலாரம் அடிக்கும்போது அந்த எண்களைக் கூட்டிப் பார்த்துட்டு, ரீஃபண்ட் டிக்கெட் போடறதா வேண்டாமான்னு முடிவு பண்ணிக்குங்க.